பக்கத்து நகராட்சியின் டெண்டரில் உப்பு மூட்டை ஏறலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்கள் கடலை நோக்கி இறங்கும் பகுதியில், சாலையோர வடிகால், சிறுபாலம் போன்ற சிவில் வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு குடும்ப நிறுவனத்திலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பா தொடங்கிய நிறுவனம். சைட்டை அண்ணன் பார்த்துக்கொள்கிறார், டெண்டர் கோப்புகளும் கணக்கு வழக்கும் இவர் பொறுப்பு. பெயர்களையும் ஊர்களையும் நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

இருபத்திரண்டு மாதங்களுக்கு முன்பு இவர்களுடைய உள்ளூர் நகராட்சி நடத்திய திறந்த டெண்டரில் இந்த நிறுவனம் வென்றது. குழாய்ச் சிறுபாலங்களையும் கான்கிரீட் வடிகால்களையும், வேலை வரும்போதெல்லாம் பட்டியலில் ஒப்புக்கொண்ட விலையில் கட்டித் தரும் மூன்றாண்டு ஒப்பந்தம் அது. மொத்த மதிப்பீடு 11 மில்லியன் ரேண்ட், இதுவரை 7.2 மில்லியனுக்கு வேலை நடந்திருக்கிறது. சி.ஐ.டி.பி. எனப்படும் கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியத்தின் பதிவில் நிறுவனம் சிவில் பிரிவில் ஆறாம் தரத்தில் இருக்கிறது. இந்த நிலையில், கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளி உள்ள இன்னொரு நகராட்சி இவர்களை அழைத்து, 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சேதமான மூன்று சிறுபாலங்கள், ஒரு சிறிய வாகனப் பாலம், ஒரு சமூகக் கூடத்தின் பின்புறத் தாங்கு சுவர் ஆகியவற்றைச் சேர்த்து 14.6 மில்லியன் ரேண்டுக்குப் பணி உத்தரவு கொடுத்திருக்கிறது. "விதி 32 இருக்கிறது, டெண்டர் தேவையில்லை, ஏழு நாளில் சைட்டில் இறங்குங்கள்" என்று அதன் எஸ்.சி.எம். (கொள்முதல்) அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். முதல் நகராட்சியின் சம்மதம் என்று கையில் இருப்பது, ஓர் எஸ்.சி.எம். அலுவலர் அனுப்பிய இரண்டு வரி மின்னஞ்சல் மட்டுமே. அண்ணன் அதற்குள் மண் தோண்டும் டி.எல்.பி. வண்டியை வாடகைக்கு எடுத்து, 900 மில்லிமீட்டர் கான்கிரீட் குழாய்களை வாங்கி இறக்கிவிட்டார்; 640,000 ரேண்ட் செலவாகிவிட்டது. அந்த ஊர் ஒப்பந்தக்காரர் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போவேன் என்கிறார். இரண்டு பக்கிகளில் (பிக்கப் வண்டிகளில்) வந்த, உள்ளூர் வியாபாரிகள் அமைப்பு என்ற பெயரில் வேலைகளில் பங்கு கேட்கும் ஒரு பிஸினஸ் ஃபோரத்தின் ஆட்கள் முப்பது சதவீதம் கேட்கிறார்கள். கடைசி வரியில், தயங்கித் தயங்கி, முத்திரை போட்ட சம்மதக் கடிதத்தை வாங்கித் தருவதாகச் சொன்னவர் 'கோல்ட்ரிங்க்', அதாவது லஞ்சம், கேட்டதையும் எழுதியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் மூன்று. இது சட்டப்படி சரிதானா? பின்னால் தவறென்று தீர்ந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களே பின்வாங்க முடியுமா?

அன்புள்ள சகோதரி,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு படியுங்கள். உங்கள் கடிதத்தில் உள்ள வடிவில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். அதில் ஒரு சிறு பகுதியைச் சரியான காகிதங்களோடு முறைப்படுத்த வாய்ப்பிருக்கிறது. மீதியைத் தனி டெண்டரில் விடச் சொல்வதுதான் உங்கள் நிறுவனத்துக்குப் பாதுகாப்பு.

அந்த விதி உண்மையில் சொல்வது

இந்நாட்டு அரசியலமைப்பின் 217-ஆம் பிரிவு, அரசு உறுப்புகள் (துறைகள், நகராட்சிகள் போன்றவை) எதை வாங்கினாலும் அது நியாயமான, சமத்துவமான, வெளிப்படையான, போட்டியுள்ள, செலவுக்கேற்ற பயன் தரும் முறையில் நடக்க வேண்டும் என்கிறது. அதன் வழியில் வந்தவைதான் 2003-ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டமும் அதன் கீழ் 2005-இல் வெளியான கொள்முதல் விதிகளும். ஒரு நகராட்சி தானே டெண்டர் விடாமல், வேறோர் அரசு உறுப்பு ஏற்கெனவே பெற்றுள்ள ஒப்பந்தத்தின் கீழ் வாங்கிக்கொள்ளச் சட்டத்தின் 110(2)-ஆம் பிரிவு இடம் தருகிறது. எப்போது, எப்படி என்பதை விதி 32 வரையறுக்கிறது.

இங்குள்ள ஒப்பந்தக்காரர்கள் இதைப் 'பிக்கிபேக்' என்கிறார்கள். நம் பிள்ளைகள் விளையாடும் உப்பு மூட்டைதான் அது. அந்த விளையாட்டில் சுமக்கிறவர் எந்த வழியில் நடக்கிறாரோ அந்த வழியில்தான் முதுகில் இருப்பவர் போக முடியும். நடுவழியில் தனக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்ல முடியாது. உங்கள் பணி உத்தரவின் கோளாறு பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

விதி நான்கு நிபந்தனைகளைச் சொல்கிறது. நான்கும் ஒருசேர நிறைவேற வேண்டும். மூன்று இருந்தால் போதும் என்ற கணக்கு இல்லை. அதற்கும் முன்னதாக, வாங்கும் நகராட்சியின் சொந்தக் கொள்முதல் கொள்கையிலேயே இந்த வழிக்கு இடம் இருக்க வேண்டும், ஏனென்றால் கொள்கை இதை அனுமதிக்கலாம் என்றுதான் விதி சொல்கிறதே தவிர, தானாக அனுமதிப்பதில்லை.

முதல் நிபந்தனை, மூல ஒப்பந்தம் போட்டி டெண்டரில் கிடைத்ததாக இருக்க வேண்டும். உங்களுடையது அப்படித்தான்.

இரண்டாவது, அந்த ஒப்பந்தம் முறைகேடாகக் கிடைத்தது என்று நினைக்கக் காரணம் எதுவும் இருக்கக் கூடாது. முதல் நகராட்சியின் டெண்டர் குறித்துத் தணிக்கையில் ஏதேனும் குறிப்பு வந்திருந்தால், உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லாவிட்டாலும் இரண்டாம் நகராட்சி அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, இந்த வழியில் வாங்குவதால் அந்த நகராட்சிக்கு நிரூபிக்கத்தக்க தள்ளுபடியோ நன்மையோ கிடைக்க வேண்டும். இதற்கென எழுதப்படும் குறிப்புகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் ஒரே வரிதான் இருக்கும்: டெண்டர் விட நேரமில்லை, இப்படிச் செய்தால் நேரம் மிச்சம். டெண்டரைத் தவிர்த்தால் நேரம் மிச்சமாவது எல்லா வேலைக்கும் பொருந்தும். அதையே நன்மை என்று ஒப்புக்கொண்டால் இந்த நிபந்தனைக்கு அர்த்தமே இல்லாமல் போகும். உங்கள் விலையைச் சந்தை விலையோடு ஒப்பிட்டு, இன்ன தொகை குறைகிறது என்று காட்டும் ஒரு தாள் கோப்பில் இருக்க வேண்டும். அதை நீங்கள் தயாரிக்க வேண்டியதில்லை. ஆனால் இருக்கிறதா என்று கேட்டு, நகல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, மூல ஒப்பந்தத்தைப் பெற்ற அரசு உறுப்பும் ஒப்பந்தக்காரரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். உங்கள் கையில் உள்ள இரண்டு வரி மின்னஞ்சல் இதற்குப் போதும் என்று நான் நினைக்கவில்லை. நகராட்சி மேலாளரோ அவரிடமிருந்து எழுத்தில் அதிகாரம் பெற்றவரோ, எந்த ஒப்பந்தம், எந்த வேலை, எவ்வளவு அளவு என்பதையெல்லாம் குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று ஒரு கீழ்நிலை அலுவலர் எழுதியதைக் காட்டி நீதிமன்றத்தில் நிற்க முடியாது.

புதிய பொதுக் கொள்முதல் சட்டம் வந்துவிட்டதே என்று உங்கள் அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2024 ஜூலையில் குடியரசுத் தலைவர் அதில் கையெழுத்திட்டது உண்மைதான். ஆனால் கையெழுத்தாவது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. நடைமுறை நாள் தனி அறிவிப்பால் குறிக்கப்படும் என்பது அந்தச் சட்டத்தின் ஏற்பாடு. உங்கள் பணி உத்தரவு 2005 விதிகளைப் பெயர் சொல்லி வந்திருப்பதால், அதை அந்த அளவுகோலாலேயே பார்க்கிறேன்.

வாகனம் வேறு, பாலம் வேறு

தேசியக் கருவூலம் ஆர்.டி.57 என்ற பெயரில் வாகனங்களுக்கு ஒரு பொது ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அதில் சேர்ந்து ஒரு பக்கி வாங்கும் நகராட்சிக்குச் சிக்கல் குறைவு. ஒரே மாடல், ஒரே விலை; ஸ்டேங்கரில் ஓடினாலும் போர்ட் ஷெப்ஸ்டோனில் ஓடினாலும் அதே வண்டிதான். பாலமோ தான் நிற்கும் மண்ணை விட்டுத் தனியாக இருப்பதில்லை. கட்டுமானத்தில் இந்த விதியைப் பயன்படுத்தும்போதெல்லாம் நான் தயங்குவது இதனால்தான்.

நீங்கள் அனுப்பிய புகைப்படங்களில் மூன்றாவதை எடுத்துப் பாருங்கள். கரும்பு வயலின் ஓரத்தில் உங்கள் குழாய்கள் வரிசையாகக் கிடக்கின்றன; பக்கத்தில் டி.எல்.பி. தோண்டிப் பார்த்த ஒரு குழி. அந்தக் குழியின் அடியில் சாம்பல் நிறத்தில் தெரிவது பாறை. உங்கள் முதல் ஒப்பந்தத்தின் வேலைகள் கடலோரத்து பெரேயா சிவப்பு மணலில் நடந்தவை. அந்த மண்ணை டி.எல்.பி. கரண்டியாலேயே அள்ளிவிடலாம், கவலையெல்லாம் பக்கச் சுவர் சரிந்து விழாமல் பார்த்துக்கொள்வதில்தான். அதனால்தான் உங்கள் விலைப்பட்டியலில் மென்மண் தோண்டுவதற்கு மட்டும் விலை இருக்கிறது. எஸ்.ஏ.என்.எஸ். 1200 என்ற தென்னாப்பிரிக்கத் தேசியத் தரக்குறிப்பில் கடினப் பாறை தனி இனம் என்பது உங்கள் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் நகராட்சி "சில புதிய விலைகளை மட்டும் பேசிச் சேர்த்துக்கொள்வோம்" என்று சொன்னதன் பொருள், பாறைக்கும் பாலத்தின் மேல்தளக் கான்கிரீட்டுக்கும் தாங்கு சுவருக்கும் போட்டியே இல்லாமல் விலை பேசுவோம் என்பதுதான். அப்படிப் பேசிய நொடியில் அது பழைய ஒப்பந்தத்தின் கீழ் வாங்குவதாக இல்லாமல், பழையதன் பெயரில் போடப்படும் புதிய ஒப்பந்தமாகிவிடுகிறது.

ஈஸ்டர்ன் கேப்பில் நடந்ததாக நீங்கள் கேள்விப்பட்ட கழிப்பறை வழக்கு இதைப் பற்றியதுதான். அமத்தோலே மாவட்ட நகராட்சி விதி 32-ஐக் காட்டி 631 மில்லியன் ரேண்டுக்கு ஒரு கழிப்பறைத் திட்டத்தை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இன்று மக்காண்டா எனப்படும் கிரகாம்ஸ்டவுனின் உயர் நீதிமன்றம் 2015-இல் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. நடைமுறையில் உங்களுக்கு வேண்டிய பாடம் இவ்வளவே: வேறோர் அரசு உறுப்பு பெற்ற ஒப்பந்தத்தின் கீழ் வாங்கலாம், அதைச் சாக்காக வைத்து வேறோர் ஒப்பந்தம் போட முடியாது.

அளவுக் கணக்கும் இடிக்கிறது. 11 மில்லியனில் 7.2 போக, உங்கள் ஒப்பந்தத்தில் மிச்சம் 3.8 மில்லியன். பதினான்கு மாதம்தான் பாக்கி. மூல டெண்டரில் போட்டியிட்டவர்கள் 11 மில்லியன் வேலைக்குத்தான் விலை கொடுத்தார்கள். அதன் மேல் 14.6 மில்லியனை ஏற்றினால் மொத்தம் 25.6 மில்லியன் ஆகிறது. இவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்திருந்தால் வேறு நிறுவனங்களும் வந்திருக்கும், விலையும் மாறியிருக்கும் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் பத்தியிலேயே எழுதுவார். ஆறாம் தரத்தின் உச்ச வரம்பு 20 மில்லியன் ரேண்ட் என்பதையும் அவர் விட்டுவைக்க மாட்டார். தரம் ஒவ்வொரு டெண்டரின் மதிப்பையும் வைத்துத்தான் பார்க்கப்படுகிறது என்று நீங்கள் பதில் சொல்லலாம். ஆனால் எல்லாம் அதே ஒப்பந்தம்தான் என்றும், தரத்துக்கு மட்டும் இரண்டாகப் பாருங்கள் என்றும் ஒரே மூச்சில் வாதாடுவது கடினம்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு தவறான எண்ணத்தையும் பார்த்தேன். கட்டுமான ஒப்பந்தத்தை 20 சதவீதம் வரை கூட்டலாமே, அதை இதற்குப் பயன்படுத்த முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தேசியக் கருவூலத்தின் 62-ஆம் சுற்றறிக்கை சொல்லும் 20 சதவீதம் அல்லது 20 மில்லியன் ரேண்ட் என்ற வரம்பு, ஒரு நகராட்சி தன் சொந்த ஒப்பந்தத்தை விரிப்பது பற்றியது. அதைத் தாண்டினால் 116(3)-ஆம் பிரிவின்படி காரணங்களை நகராட்சி மன்றத்தின் முன் வைத்து, ஊர் மக்களுக்கும் அறிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும். பக்கத்து நகராட்சியின் வேலையை அந்தச் சதவீதத்துக்குள் நுழைக்க வழியில்லை. நுழைத்தாலும் உங்களுக்குக் கிடைப்பது 2.2 மில்லியன்தான்.

"அவர்களே கையெழுத்துப் போட்டார்கள்" என்ற நம்பிக்கை

இதுதான் உங்கள் கடிதத்திலேயே ஆபத்தான வரி. நகராட்சியின் தலைப்புத் தாளில் உத்தரவு வந்துவிட்டது, பிழை இருந்தால் அது அவர்கள் பாடு என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தனியார் வியாபாரத்தில் அது ஓரளவு எடுபடும். இங்கே எடுபடாது.

குவாகெனி நகராட்சி வழக்கில், டெண்டர் இல்லாமல் கொடுக்கப்பட்ட குப்பை அகற்றும் ஒப்பந்தத்தை வைத்து ஒரு நிறுவனம் நகராட்சிக்கு எதிராக நின்றது. கொள்முதல் விதிகளை மீறிய ஒப்பந்தம் செல்லாது என்று நகராட்சியே வாதாடியது. உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-இல் அதை ஏற்றது. அதாவது, உங்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்த அதே அலுவலகம், அடுத்த தேர்தலுக்குப் பிறகு வேறு மேலாளர் வந்ததும், "எங்கள் உத்தரவே சட்டவிரோதம்" என்று சொல்ல முடியும். பெரும்பாலும் அதை, நீங்கள் பாக்கிப் பணம் கேட்டு வழக்குப் போடும் நாளில்தான் சொல்வார்கள்.

அப்படியானால் செய்த வேலைக்கும் பணம் போய்விடுமா? அதற்கு எளிதான ஆம், இல்லை கிடையாது. ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ந்தாலும், அதன் பின்விளைவை நியாயமும் சமநீதியும் பார்த்து வகுக்க அரசியலமைப்பின் 172-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் நிலைக்கு மிக நெருக்கமானது, பஃபலோ சிட்டி நகராட்சிக்கும் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு. டங்கன் வில்லேஜ் பணிக்காக நடந்த டெண்டரை வைத்து ரீஸ்டன் பகுதி வீட்டு வேலையும் அந்த நிறுவனத்துக்கே கொடுக்கப்பட்டது. அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரீஸ்டன் ஒப்பந்தம் செல்லாது என்று அறிவித்தது. ஆனால் நிறுவனத்துக்கு ஏற்கெனவே சேர்ந்திருக்கக்கூடிய உரிமைகள் பறிபோகாதபடி, அதை ரத்துச் செய்யாமல் விட்டது. நகராட்சி மிகவும் தாமதித்து நீதிமன்றத்துக்கு வந்ததும் அங்கே பேசப்பட்டது.

இதைப் படித்துவிட்டு அண்ணன் ஆறுதல் அடையக் கூடும். அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். 2014-இல் சமூக உதவித்தொகை வழங்கும் டெண்டர் வழக்கில் அதே நீதிமன்றம், செல்லாத ஒப்பந்தத்தால் நிறுவனத்துக்கு இழப்பு வரக் கூடாது, ஆனால் அதிலிருந்து லாபம் பெறும் உரிமையும் அதற்கு இல்லை என்றது. எனவே சரியாகச் செய்த வேலைக்கு ஆன செலவைக் கேட்டு நிற்க உங்களுக்கு இடம் இருக்கும். லாபம் நீதிமன்றத்தின் தீர்மானத்துக்கு உட்பட்டது. அரசுப் பண முறைகேடுகளை விசாரிக்கும் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு இறங்கினால் அந்த லாபத்தைத்தான் முதலில் கேட்கும். விதி மீறல் தெரிந்தே இறங்கினார்கள் என்று ஒரு மின்னஞ்சல் காட்டினால் போதும், நியாயம் பார்க்கும் தராசு உங்களுக்கு எதிராகச் சாயும். இப்போது என்னிடம் கேட்டுவிட்டீர்கள். இனி தெரியாமல் செய்தோம் என்று சொல்லும் வழி உங்களுக்கு இல்லை.

அந்த ஊர் ஒப்பந்தக்காரரின் மிரட்டலும் வெறும் மிரட்டல் அல்ல. கொள்முதல் முடிவால் பாதிக்கப்பட்டவர் பதினான்கு நாளுக்குள் நகராட்சியிடம் எழுத்தில் ஆட்சேபிக்க விதி 49 இடம் தருகிறது. உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கோருபவர் நியாயமற்ற தாமதமின்றி, அதிகபட்சம் 180 நாளுக்குள் வர வேண்டும். வரும்போது இடைக்காலத் தடையும் கேட்பார். பாதி தோண்டிய சாலையோடு தடை வந்தால் நாள் வாடகைக்கு நிற்கும் டி.எல்.பி.க்கு யார் பணம் தருவது என்பதை இன்றே யோசித்துக்கொள்ளுங்கள்.

முன்னே இருக்கும் வழிகள்

தனி டெண்டர் விடச் சொல்லுங்கள். நேரமில்லை என்ற பேச்சுக்கு விதி 22-இலேயே பதில் இருக்கிறது. 10 மில்லியன் ரேண்டுக்கு மேற்பட்ட டெண்டருக்குக் குறைந்தது முப்பது நாள் அவகாசம் வேண்டும். அவசரம் இருந்தால் காரணம் காட்டி நகராட்சி மேலாளர் அதைக் குறைக்கலாம். உண்மையான பேரிடர் அவசரத்துக்கு விதி 36 தனியாக இருக்கிறது. ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு இவ்வளவு காலம் கழித்து அவசரம் என்று எழுதும் அலுவலரின் பேனா கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். புதிய டெண்டரில் நீங்களும் போட்டியிடலாம். அந்தப் பாறையை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்பது உங்களுக்கு ஒரு சாதகம். அதனாலேயே, மண் ஆய்வுத் தகவல் எல்லாப் போட்டியாளருக்கும் டெண்டர் ஆவணத்தில் கிடைக்க வேண்டும் என்று நீங்களே எழுதிக் கேட்டுவிடுங்கள். பிறகு யாரும் உங்கள் மேல் விரல் நீட்ட முடியாது.

இரண்டாவது வழி, பொருந்துகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது. உங்கள் வரைபடங்களின்படி மூன்று சிறுபாலங்களில் இரண்டு, உங்கள் பட்டியலில் உள்ள அதே விட்டம், அதே வகைக் குழாயில் அமைகின்றன. மண்ணும் மென்மண் என்றே தெரிகிறது. அவற்றின் மதிப்பு 3.8 மில்லியன் மிச்சத்துக்குள்ளும் பதினான்கு மாதத்துக்குள்ளும் அடங்கினால், ஒரு புதிய விலைகூடச் சேர்க்காமல், முறையான சம்மதக் கடிதத்தோடும் நன்மையைக் காட்டும் கணக்கோடும் செய்ய இடமுண்டு. இதிலும் ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. விதியின் சொற்கள் 'பொருள்கள் அல்லது சேவைகள்' என்றுதான் இருக்கின்றன. கட்டுமானப் பணியைத் தனியே பெயர் சொல்லவில்லை. சேவைக்குள் அது அடங்கும் என்பதே பொதுவான நடைமுறை. அதை எதிர்த்து வாதாடவும் ஆள் கிடைப்பார்கள். பாலமும் தாங்கு சுவரும் பாறையுள்ள சிறுபாலமும் இந்த வழியில் வரவே வராது என்பது என் கருத்து.

இரண்டு நகராட்சிகளும் சேர்ந்து வாங்குவது தவறு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலிலேயே இருவர் பெயரையும், இருவருடைய அளவுகளையும் அறிவிப்பில் போட்டுக் கூட்டாக டெண்டர் விட்டால், போட்டியிடுபவர் அனைவருக்கும் முழு வேலையும் தெரியும். உங்கள் ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருப்பதால், அடுத்த சுற்றுக்கு இந்த யோசனையை முதல் நகராட்சியின் பொறியாளரிடம் இப்போதே சொல்லி வைப்பதில் தவறில்லை.

பிஸினஸ் ஃபோரமும் கோல்ட்ரிங்கும்

முப்பது சதவீதம் எங்கள் சட்ட உரிமை என்று பக்கியில் வந்தவர்கள் சொல்வது பொய். 2017-ஆம் ஆண்டின் முன்னுரிமைக் கொள்முதல் விதிகளில், 30 மில்லியனுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் சாத்தியமான இடத்தில் 30 சதவீதத்தைக் குறிப்பிட்ட பிரிவினருக்கு உள்ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அப்போதுகூட அது ரொக்கமாகக் கொடுக்கும் தொகை அல்ல, உங்கள் 14.6 மில்லியனுக்கு அது பொருந்தியிருக்கவும் செய்யாது. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2022 விதிகளில் அந்த ஏற்பாடே இல்லை. மிரட்டிப் பணம் கேட்பது குற்றம். வண்டி எண், தேதி, நேரம், பேசியது எல்லாவற்றையும் எழுதி வைத்து, நகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள். அண்ணனைத் தனியாக அவர்களிடம் பேச அனுப்பாதீர்கள்.

கோல்ட்ரிங்க் விஷயத்தில் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். 2004-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி கேட்டவரும் கொடுத்தவரும் ஒன்றுதான். அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு, 100,000 ரேண்ட் அல்லது அதற்கு மேற்பட்ட தொகை சம்பந்தப்பட்ட ஊழலைத் தெரிந்துகொண்ட நிறுவனப் பொறுப்பாளர், அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதையே குற்றமாக்குகிறது. அவர் எவ்வளவு கேட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுத்தில் வேண்டாம், நேரில் ஒரு வழக்கறிஞரிடம் இந்த வாரமே சொல்லுங்கள்.

செலவான 640,000 ரேண்ட்

குழாய்கள் வீணாகாது. உங்கள் முதல் ஒப்பந்தத்திலேயே 900 மில்லிமீட்டர் குழாய் இருக்கிறது. மிச்ச வேலைக்கு அவற்றைப் பயன்படுத்தலாம். கரும்பு வயலோரம் கிடப்பவற்றை உங்கள் யார்டுக்கு ஏற்றிவிடுங்கள். அங்கே கிடந்தால் வேலை தொடங்கிவிட்டது என்பதற்கு அவையே சாட்சியாகும். டி.எல்.பி.யை இன்றே திருப்பி அனுப்புங்கள்.

வாடகைக்கும் போக்குவரத்துக்கும் ஆன தொகையை, பணி உத்தரவை நம்பிச் செலவிட்டதாக நகராட்சியிடம் கேட்கலாம். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் விட்டால் காலம் கடந்துவிடும். இத்தகைய கடன் பொதுவாக மூன்றாண்டில் காலாவதியாகும். நஷ்டஈடு என்ற வடிவில் கேட்பதானால், அரசு உறுப்புகள் மேல் வழக்குத் தொடுப்பது பற்றிய 2002-ஆம் ஆண்டின் 40-ஆம் சட்டத்தின்படி ஆறு மாதத்துக்குள் எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தப்படி சேர வேண்டிய தொகைக்கு அந்த அறிவிப்பு தேவையில்லை என்று தீர்ப்பு இருக்கிறது. உங்களுடையது எந்த வகை என்று பின்னால் சண்டை வரலாம் என்பதால், அறிவிப்பைக் கொடுத்துவிடுவதே மேல்.

நகராட்சி மேலாளருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பணி உத்தரவின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, நான்கு ஆவணங்களின் நகலைக் கேளுங்கள்: அவர்களுடைய கொள்முதல் கொள்கையில் விதி 32 உள்ள பக்கம், முதல் நகராட்சி மேலாளரின் எழுத்துச் சம்மதம், நன்மையைக் காட்டும் கணக்கு, மூல டெண்டரைச் சரிபார்த்ததற்கான குறிப்பு. அவை கைக்கு வரும்வரை சைட்டில் இறங்க முடியாது என்றும், இதை வேலையை மறுத்ததாகக் கொள்ளக் கூடாது என்றும், உங்கள் உரிமைகள் அனைத்தும் காக்கப்படுகின்றன என்றும் எழுதுங்கள். உங்கள் சார்பிலான சம்மதக் கையெழுத்தை இன்னும் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இப்போதைக்குப் போடாதீர்கள், நீங்கள் சம்மதிக்காதவரை விதி 32 நிறைவேறவே முடியாது. மின்னஞ்சலிலும் அனுப்பி, நேரிலும் கொடுத்து, நகலில் வரவேற்பு முத்திரை வாங்குங்கள். பதினான்கு நாளில் பதில் வராவிட்டால், தகவல் பெறும் சட்டத்தின் கீழ் அதே நான்கையும் கேட்டு விண்ணப்பம் போடுங்கள். அதற்கு முப்பது நாளில் முடிவு சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள்.